தீவாந்தரம் போனவரைத் தேடுதல்: அவுஸ்திரேலிய வழிமுறையும் அளவெட்டிக் காணி உறுதியும்

1. வினா

1787 மே 13ஆம் திகதி இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் துறையிலிருந்து பதினொரு கப்பல்கள் புறப்பட்டு, அடுத்த ஆண்டு ஜனவரியில் இன்றைய சிட்னியை அடைந்தன. அன்று தொடங்கிய கைதிக் கடத்தல், 1868இல் ஹூகோமொன்ட் என்ற கப்பல் மேற்கு அவுஸ்திரேலியாவின் ஃபிரிமாண்டில் துறையில் கடைசிக் கூட்டத்தை இறக்கியதோடு ஓய்ந்தது. இடைப்பட்ட எண்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 162,000 ஆண்களும் பெண்களும் இவ்வாறு கொண்டுசெல்லப்பட்டனர். மூதாதை எந்த நீதிமன்றத்தில், எதைத் திருடியதற்காகத் தண்டிக்கப்பட்டார், எந்தக் கப்பலில் வந்தார், அவர் கையில் என்ன பச்சை குத்தியிருந்தார் என்பதுவரை அவர்களுடைய சந்ததியார் பலரால் இன்று சொல்ல முடிகிறது.

அதே பேரரசு அதே காலத்தில் இலங்கையிலும் தமிழகத்திலும் இருந்து ஆட்களைப் பினாங்குக்கும் மலாக்காவுக்கும் மொரீசியசுக்கும் அனுப்பியது. தமிழ் வழக்கில் இது தீவாந்தர தண்டனை. தீவாந்தரம் போனவரின் கொள்ளுப்பேரர் தம் பாட்டனாரைப் பெயர்சொல்லிக் கண்டடைந்தார் என்ற செய்தி மிக அரிது. இந்த வேறுபாட்டுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம், ‘அங்கே தாள்களைக் காத்தார்கள், இங்கே அழியவிட்டோம்’ என்பது. அது பாதி உண்மை மட்டுமே என்று இக்கட்டுரை வாதிடுகிறது. தாள் இருக்கும் இடத்திலும் தேடல் முறிந்துபோகிறது. அது முறிவது நீதிமன்றத்திலோ துறைமுகத்திலோ அல்ல, ஊரில். இதைச் சோதிக்க யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் வடக்கிலுள்ள அளவெட்டி மாதிரி ஊராக எடுத்துக்கொள்ளப்படுகிறது. குடும்பக் கதைகளும் காணி உறுதிகளும் செறிந்த ஊர் அது. அங்கிருந்து புலம்பெயர்ந்தோர் இன்று சிட்னியிலும் மெல்பேணிலும், தம் கைதி மூதாதையைப் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் அயலவரோடு வாழ்கின்றனர்.

2. ஆங்கிலக் கைதியின் தாள்வழி

அவுஸ்திரேலியாவில் தேடல் பின்னோக்கிச் செல்கிறது. முதற்படி இறப்புச் சான்றிதழ். நியூ சவுத் வேல்ஸில் 1856இல் குடிசார் பதிவு தொடங்கியபோது, இறந்தவரின் பெற்றோர் பெயர், பிறந்த இடம் ஆகியவற்றோடு அவர் குடியேற்றத்தில் வாழ்ந்த ஆண்டுகளையும் குறிக்கும் படிவம் நடைமுறைக்கு வந்தது. இறந்த ஆண்டிலிருந்து அந்த ஆண்டுகளைக் கழித்தால் வந்துசேர்ந்த ஆண்டு ஏறக்குறையத் தெரிந்துவிடும். 1828இல் அங்கு எடுக்கப்பட்ட குடிமதிப்பு இன்னும் உதவும்: ஆள் சுதந்திரராக வந்தாரா, கைதியாக வந்தாரா, எந்தக் கப்பலில், எந்த ஆண்டில் என்பதெல்லாம் அதில் உண்டு.

கப்பல் தெரிந்துவிட்டால் கைதி வரவுப் பட்டியலுக்குப் போகலாம். தண்டித்த நீதிமன்றம், திகதி, தண்டனைக் காலம் ஆகியவை அதில் இருக்கும். 1820களிலிருந்து வந்த பட்டியல்களில் பிறந்த ஊர், தொழில், உயரம், கண்ணிறம், தழும்பு என்று விபரம் பெருகுகிறது. அதே கப்பலுக்குரிய இங்கிலாந்துப் பிரதி லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் எச்.ஓ. 11 என்ற வரிசையில் இருக்கிறது. அங்கிருந்து மாவட்ட நீதிமன்றப் பதிவுக்கும், லண்டன்வாசியானால் 1674 முதல் 1913 வரை அச்சான ஓல்ட் பெய்லி வழக்கு நடவடிக்கைகளுக்கும், பின்னர் 1538இலிருந்து இங்கிலாந்தின் ஒவ்வொரு பங்குக் கோயிலும் வைத்திருக்க வேண்டியிருந்த ஞானஸ்நானப் பதிவேட்டுக்கும் போய்ச் சேரலாம். குடியேற்றத்துக்குள் அவர் பெற்ற விடுப்புச் சீட்டு, விடுதலைச் சான்றிதழ், மன்னிப்பு, திருமணம் செய்யக் கேட்ட அனுமதி ஆகியவை இந்தச் சங்கிலியின் பக்கக் கண்ணிகள்.

வழியில் பள்ளங்களும் உண்டு. இன்று அவுஸ்திரேலிய இருபது டொலர் தாளில் முகம் காட்டும் மேரி ரீபி, ஆண் வேடத்தில் ஜேம்ஸ் பரோ என்ற பெயரில் குதிரைத் திருட்டுக்காகப் பிடிபட்டவர். பெயரை மட்டும் நம்பித் தேடுபவர் அவரது வழக்கைத் தவறவிட்டிருப்பார். ஒரே கப்பலில் இரண்டு மூன்று ஜோன் ஸ்மித்கள் இருப்பதும் சாதாரணம்.

இங்கு அயர்லாந்தைக் கவனிக்க வேண்டும். டப்ளினில் இருந்த, 1836க்கு முந்திய கடத்தல் பதிவேடுகள் 1922 உள்நாட்டுப் போரில் எரிந்தன. தாள் அழிவே தேடலைக் கொல்லும் என்றால், ஐரிஷ் கைதிகளின் சந்ததியாருக்கு வழி அடைபட்டிருக்க வேண்டும். அப்படி ஆகவில்லை, கைதியோடு கப்பலேறிய பட்டியல் சிட்னியில் பிழைத்திருந்தது. கடலின் இரு கரையிலும் ஒரே செய்தி எழுதி வைக்கப்பட்டதுதான் இந்த ஆவணத் தொகுதியின் பலம். 2007இல் அவுஸ்திரேலியக் கைதிப் பதிவுகளை யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

3. கறையும் ஆய்வும்

தாள் இருந்தும் தேடாமல் இருந்த காலம் ஒன்று அவுஸ்திரேலியாவிலும் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் கைதி மூதாதையைக் குடும்பங்கள் மறைத்தன. ‘எங்கள் ஆள் சுதந்திரராக வந்தவர்’ என்பதே வீட்டுக் கதையாக இருந்தது. அறிஞர்களும் உதவவில்லை. மானிங் கிளார்க், ஏ.ஜி.எல். ஷா, லொயிட் ராப்சன் போன்றோரின் எழுத்துகளில் கைதி பெரும்பாலும் தொழில்முறைத் திருடர். 1988இல் ஸ்டீவன் நிக்கலஸ் தொகுத்த நூல், பட்டியல்களிலுள்ள தொழில் விபரங்களை எண்ணிப் பார்த்து, அவர்கள் பிரித்தானியத் தொழிலாளி வர்க்கத்தின் சராசரி மனிதர்கள் என்று மறுத்தது. கறை என்ற உணர்வையே கைதிக் கடத்தல் எதிர்ப்பு இயக்கத்தின் பிரசாரம் வளர்த்தது என்று பின்னர் பாபெட் ஸ்மித் வாதிட்டார். அவரது வாதம் கறையின் ஆழத்தைச் சற்றுக் குறைத்து மதிப்பிடுகிறது. ஆயினும் வெட்கம் தானாக முளைப்பதில்லை, அதற்கும் வரலாறு உண்டு என்பதை அது நிறுவியது. 1787இல் புறப்பட்ட அந்த முதற் கப்பற்படையின் சந்ததியார் 1968இல் சங்கம் அமைத்தபோதே காற்று திரும்பத் தொடங்கியிருந்தது.

யாழ்ப்பாணத்தில் அந்தக் காற்று இன்னும் திரும்பவில்லை. சம்பந்தம் பேசும்போது இரு தலைமுறைக்கு முந்திய ‘குறை’யையும் கிளறும் சமூகத்தில், தீவாந்தரம் போன ஒருவரைக் குடும்பம் நினைவில் வைத்திருக்கும் என்று எதிர்பார்ப்பது கடினம். மறப்பதற்கு வசதியான ஒரு திரையும் அமைந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அளவெட்டி உட்பட வலிகாமத்து ஊர்களிலிருந்து படித்த இளைஞர் மலாயாவுக்குப் புகையிரதப் பகுதியிலும் அரச அலுவலகங்களிலும் எழுதுவினைஞராகப் போயினர். ஊரில் ‘மலாயன் பென்சனியர்’ ஒரு மதிப்பான வகுப்பானார். ஆகவே மலாக்காவுக்குப் போன எவரும் பின்னாளைய வீட்டுக் கதையில் உத்தியோகத்துக்குப் போனவராகிவிடலாம். 1870க்கு முன்பே ‘அக்கரைக்குப் போனார், திரும்பவில்லை’ என்று ஒருவரைப் பற்றிச் சொல்லப்பட்டால், அந்தக் கதையைச் சந்தேகத்தோடு அணுகுவதே ஆய்வாளருக்கு நல்லது. அந்த ஆண்டுகளில் அங்கே ஓட்டுவதற்குப் புகையிரதமே இருக்கவில்லை.

4. இப்பகுதியிலிருந்து போனவர்கள்: கிடைக்கும் சான்றுகள்

பெயரோடு அறியப்படுவோர் பெரும்பாலும் அரசியற் கைதிகள். 1801 ஒக்டோபர் 24இல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்ட பிறகு, பாளையக்காரர் கிளர்ச்சியில் பிடிபட்ட 73 பேர் 1802 பெப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து ‘அட்மிரல் நெல்சன்’ என்ற கப்பலில் பினாங்குக்கு அனுப்பப்பட்டனர். சிவகங்கையின் வேங்கன் பெரிய உடையாத் தேவரும், சின்ன மருதுவின் இளவயது மகன் துரைச்சாமியும் அவர்களுள் இருந்தனர். உடையாத் தேவர் சுமாத்திராவின் பென்கூலனுக்கு மாற்றப்பட்டு அந்த ஆண்டே அங்கு இறந்தார். இவர்களைக் கப்பலேற்றிய படையதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், 1818இல் பினாங்கில் துரைச்சாமியை மீண்டும் கண்டதைத் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். குடும்பத்துக்கு ஒரு கடிதம் கொண்டுபோகக் கேட்டபோது, விதி இடம்தராததால் வாங்க முடியவில்லை என்கிறார். ஊருக்கும் கைதிக்கும் இடையே செய்தி அறுந்தது தற்செயலல்ல, கட்டளையால் என்பதற்கு இது நேர்ச்சான்று. நியூ சவுத் வேல்ஸுக்குப் போன ஆங்கிலக் கைதி வீட்டுக்குக் கடிதம் எழுத முடிந்தது. எழுதியவை பல இன்றும் இருக்கின்றன.

இலங்கையிலிருந்து, 1818 ஊவா எழுச்சிக்குப் பின் கண்டிப் பிரதானிகள் மொரீசியசுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் ஒருவரான எகலப்பொல 1829இல் அங்கு இறந்தார். பாம்பிள்மூஸில் அவர் நினைவுத்தூண் உண்டு. 1848 கிளர்ச்சியில் முடிசூடிக்கொண்ட கொங்காலேகொட பண்டாவின் மரண தண்டனை, கசையடியும் மலாக்காவுக்கு நாடுகடத்தலுமாகக் குறைக்கப்பட்டது.

அவுஸ்திரேலியக் கதையை இலங்கையோடு நேரடியாக இணைப்பவர் ஒருவர் உண்டு. மலாய்ப் படைப்பிரிவின் பறைமுதல்வர் ஓடீன் 1803இல் கண்டியில் பிரித்தானியப் படை அழிந்தபோது கண்டி மன்னர் பக்கம் சேர்ந்தவர். 1815இல் கண்டி வீழ்ந்தபின் பிடிபட்டு, மரண தண்டனை குறைக்கப்பட்டு, மனைவி ஈவ் மற்றும் பிள்ளைகளோடு ‘கங்காரு’ என்ற கப்பலில் 1816இல் சிட்னியை அடைந்தார். 1820களின் பிற்பகுதியில் வட அவுஸ்திரேலியாவின் ராஃபிள்ஸ் குடாவில் மக்காசார் மீனவரோடு பேச அரசுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தார். பதிவுகளில் அவர் ஓடீன், ஊடீன், ஓ’டீன் என்று பலவாறு வருகிறார்; கடைசி வடிவத்தைப் பார்ப்பவர் ஐரிஷ்காரர் என்றே எண்ணுவார். ஆயினும் அவரைத் தொடர முடிகிறது, ஏனெனில் அவர் சிட்னியின் தாள் இயந்திரத்துக்குள் வந்துவிட்டார். பினாங்குக்கோ மலாக்காவுக்கோ அனுப்பப்பட்டிருந்தால் அவர் கதை இவ்வளவு நீண்டிருக்குமா என்பது ஐயமே.

பெயர் பெறாத சாதாரண கைதிகளைப் பற்றி இரு ஆய்வாளர்களின் உழைப்பு முக்கியமானது. கிளேர் அண்டர்சன் மொரீசியசுக்குப் போன இந்தியக் கைதிகளையும், ஆனந்த் யாங் பென்கூலன், பினாங்கு, சிங்கப்பூர் கைதிகளையும் ஆராய்ந்துள்ளனர். சிங்கப்பூரின் புனித அந்திரேயா பேராலயமும் ஆளுநர் மாளிகையும் இந்தியக் கைதிகளின் உழைப்பு. இவ்வாய்வுகள் ஒன்றைத் தெளிவாக்குகின்றன: தாள் இல்லாமல் இல்லை. பெயர், தந்தை பெயர், சாதி, வயது, உடற்குறி ஆகியவை கொண்ட விபரப் பட்டியல் கைதியோடு பயணம் செய்தது. சென்னை மாகாணக் கைதிகளின் சுவடு எழும்பூரிலும் லண்டனிலும் சிங்கப்பூரிலும் உள்ள ஆவணக் காப்பகங்களில் தேடத்தக்கது. ஆனால் இவை வரலாற்றாசிரியரின் வெற்றிகள். குடும்பத்தின் வெற்றிகள் அல்ல. அண்டர்சனின் கைதிகளுக்கு முகம் கிடைத்தது, பேரர் கிடைக்கவில்லை.

5. பெயர் என்னும் தடை

ஆங்கில வழிமுறை முழுவதும் ஓர் எடுகோளின் மேல் நிற்கிறது: குடும்பப் பெயர் தலைமுறை தாண்டும். யாழ்ப்பாணத்தில் அது தாண்டாது. கந்தர் மகன் வேலுப்பிள்ளை, வேலுப்பிள்ளை மகன் கந்தையா, அவர் மகன் மறுபடி வேலுப்பிள்ளை. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கால், அறுபது ஆண்டு இடைவெளியில் ஒரே வளவில் ஒரே பெயருடைய இருவர் இருப்பர். அயல் வளவிலும் அப்படியே இருப்பர். எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய ஆங்கில எழுத்துக்கூட்டல் இதன்மேல் இன்னொரு புகைமூட்டம்.

கிறித்தவம் சேர்ந்தபோது தடை கூடியது. 1816இல் தெல்லிப்பழையில் காலூன்றிய அமெரிக்க மிஷனின் பாடசாலைகளில் பயின்றோர் புதுப்பெயர் பெற்றனர். ‘பாவலர் சரித்திர தீபகம்’ எழுதிய சதாசிவம்பிள்ளை ஆர்னல்ட் என்றும் அறியப்பட்டவர். கல்விமானுக்கு இரு பெயரும் நிலைத்தன. சாதாரண ஆளுக்கு எது நிலைத்தது என்று எப்படிச் சொல்வது? பிறப்பு, இறப்புக் குடிசார் பதிவும் இலங்கையில் 1860களின் பிற்பகுதியில்தான் ஒழுங்காகத் தொடங்கியது. தீவாந்தரக் காலம் பெரும்பகுதி அதற்கு முந்தியது.

ஆகவே மலாக்காப் பட்டியலில் ‘வேலன், தந்தை கந்தன், யாழ்ப்பாணம்’ என்று ஒரு வரி கிடைத்தாலும், அளவெட்டிக் குடும்பம் எதுவும் அவரைத் தமதென்று கோரவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

6. காணிவழி

பெயர் தாண்டாத இடத்தில் தலைமுறை தாண்டுவது காணி. யாழ்ப்பாணத்துத் தேடல் ஆளின் பெயரிலிருந்து அல்ல, வளவின் பெயரிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இதற்கு அடிப்படை தேசவழமை. ஒல்லாந்தர் காலத்தில், 1706–07இல், கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த அந்த வழக்காறு 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் பிரித்தானிய ஆட்சியிலும் சட்டமாக நிலைபெற்றது. சொத்து முதுசொம் (மரபுவழி வந்தது), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்வில் தேடியது) என்று பிரியும். ஒவ்வொன்றும் வேறு வழியே இறங்கும். பங்காளிக்கும் அயற்காணிக்காரருக்கும் முன்வாங்கும் உரிமை இருந்தது. அதனால் ஒரு பரப்பு விற்றாலும் யார் பங்காளி என்று எழுத்தில் வந்தாக வேண்டியிருந்தது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன் இரு சாட்சிகளோடு நிகழ வேண்டும் என்றாக்கியது. யாழ்ப்பாண உறுதியில் கோவிற்பற்று, இறை, காணியின் பெயர், பரப்பு, குழி, நான்கு எல்லையிலும் உள்ளவர் பெயர் எல்லாம் வரும். ஆளின் பெயர் மூன்று தலைமுறையில் மூன்றாகும். காணியின் பெயர் பெரும்பாலும் அப்படியே கிடக்கும். அதற்கும் பின்னால் போக, கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் ஒல்லாந்தர் காலக் காணிப் பதிவேடுகளான தோம்புகள் உள்ளன.

தீவாந்தரம் போன ஒருவர் இந்தத் தொடரில் எப்படித் தெரிவார்? ஆளாக அல்ல, இடைவெளியாக. முதுசொத்தில் நான்கு சகோதரருக்குப் பங்கு. அடுத்த தலைமுறை உறுதியில் மூன்று கிளையே கைச்சாத்திடுகிறது. நான்காமவரின் பங்கு உறுதியில்லாமல் ‘நெடுங்கால ஆட்சி’ என்ற உரித்தோடு மட்டும் கைமாறுகிறது. அல்லது ஒரு மகளின் சீதன உறுதியைத் தாயும் தாய்மாமனும் மட்டும் எழுதிக் கொடுக்கின்றனர். தேசவழமையில் சீதனம் பொதுவாகப் பெற்றோர் இருவரும் சேர்ந்து கொடுப்பது. தந்தை ஒப்பம் இல்லையென்றால் அவர் இறந்திருக்க வேண்டும் அல்லது ஊரில் இல்லாதிருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் சிறந்த சான்று பங்குபிரிப்பு வழக்கு. 1863ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்திலிருந்து, பொதுக் காணியைப் பிரிக்கக் கேட்பவர் மூல உரித்தாளரில் தொடங்கி இன்றைய பங்காளிவரை வம்சவழியை நீதிமன்றத்தில் காட்ட வேண்டியிருந்தது. வீட்டில் வெட்கத்தால் மறைத்த பெயரைப் பங்கு கேட்கும் வழக்கில் மறைக்க இயலாது. எதிர்வாதி சும்மா விடமாட்டார். ‘பிள்ளையில்லாமல் இறந்தார்’, ‘இலங்கையை விட்டுப் போய்ச் செய்தியில்லை’ போன்ற கூற்றுகள் அங்கேதான் வாய்திறக்கின்றன. 1895ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம், ஏழு ஆண்டு செய்தியில்லாதவர் உயிரோடிருப்பதை நிரூபிக்கும் சுமையை அவ்வாறு சொல்பவர்மேல் வைத்தது. அதனால் ஒருவர் எப்போதிருந்து ‘செய்தியில்லாதவர்’ என்பது வழக்கில் விசாரிக்கப்படும் விடயமாயிற்று.

கோயிலும் ஒரு துணைச்சான்று. யாழ்ப்பாணத்துக் கோயில்களில் திருவிழா உபயம் பரம்பரைப் பங்காக இறங்குவது வழக்கம். அளவெட்டியில் கும்பழாவளைப் பிள்ளையார் போன்ற பழைய கோயிலின் உபய வரிசையில் ஒரு கிளை எப்போது விலகியது என்று கேட்பது, உறுதியைப் படிப்பதற்குச் சமமான பயன் தரக்கூடும். ஆனால் வாய்மொழியை உறுதியோடு ஒப்பிடாமல் ஏற்கலாகாது.

இடைவெளி மட்டும் தீவாந்தரத்தை நிரூபிக்காது. 19ஆம் நூற்றாண்டில் குடாநாட்டைக் கொள்ளைநோய் பலமுறை வாரியது. வன்னிக்குப் பெயர்ந்தோரும் இருந்தனர். எனவே காணியில் தெரியும் இடைவெளியின் ஆண்டை, யாழ்ப்பாணத்தில் கூடிய உயர் நீதிமன்றச் சுற்று அமர்வுப் பதிவுகளோடும் அக்கரை வரவுப் பட்டியலோடும் பொருத்த வேண்டும். மூன்றும் ஒரே சில ஆண்டுகளுக்குள் விழுந்து, தந்தை பெயரும் ஒத்தால் மட்டுமே ‘அநேகமாக இவரே’ என்று எழுதலாம். ஆங்கிலக் கைதியின் விடயத்தில் பெறும் உறுதி இங்கு வாய்ப்பது அரிது என்பதை ஒப்புக்கொண்டே தேட வேண்டும்.

7. காணிவழியின் எல்லை

போர் முதல் எல்லை. 1981 ஜூன் தொடக்கத்தில் எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் 97,000 நூல்களோடும் சுவடிகளோடும் ஊர்வரலாற்றுக்கான துணைச்சான்றுகள் போயின. 1990களில் வலிகாமம் வடக்கின் பெரும்பகுதி உயர் பாதுகாப்பு வலயத்துள் அடைபட்டது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் பெயர்ந்தபோது, பெட்டியில் இருந்த உறுதிக்கட்டை எடுத்தவர் எடுத்தார், விட்டவர் விட்டார். காணிப் பதிவகத்துப் பிரதி இருந்தாலும், பதிவு தொடங்குவதற்கு முந்திய பழைய உறுதி வீட்டில்தான் இருந்திருக்கும். புலம்பெயர்ந்தோர் கையோடு கொண்டுபோன உறுதிகள் இன்று ஊரில் இல்லாத சான்றுகள். அவற்றைப் படியெடுத்துச் சேர்ப்பது அவசரமான வேலை.

இரண்டாவது எல்லை இன்னும் கடுமையானது. காணிவழி காணியுள்ளவனுக்கே வழி. யாழ்ப்பாணத்தில் கோவியர், நளவர், பள்ளர் பலர் 1844இல் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை பிறர் உடைமையாக இருந்தனர். அதன் பின்னும் நெடுங்காலம் பிறர் காணியில் குடியிருந்தனர். எந்த நாட்டிலும் நீதிமன்றத்தின் கை முதலில் விழுவது ஏழைமேல். ஆகவே தீவாந்தரம் போயிருக்கக்கூடியவர்களுள் கணிசமானோர் எந்த உறுதியிலும் இடைவெளியாகக்கூடத் தெரியமாட்டார்கள். வேளாளக் குடும்பத்தின் பங்குபிரிப்பு வழக்கைப் படித்து ஊரின் தண்டனை வரலாற்றை எழுதினால், அது ஊரின் பாதியை விட்டுவிட்ட வரலாறாகும்.

அவர்களுக்குத் தேடல் மறுதிசையில் செல்ல வேண்டும்: அக்கரையிலிருந்து ஊரை நோக்கி. விபரப் பட்டியல் காணியைக் கேட்கவில்லை. உடலையும் சாதியையும் தந்தை பெயரையுமே கேட்டது. அடிமைகளைப் பதிவுசெய்யுமாறு 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் வந்த பிரமாணங்களால் உருவான பதிவேடுகள், எசமானின் பெயர் வழியாக ஆளை ஒரு வளவோடு இணைக்கக்கூடியவை. இரண்டையும் எதிரெதிரே வைத்துப் படிக்கும்போது ஒரு நடைமுறைக் குறிப்பையும் கவனிக்க வேண்டும். அக்கரை எழுத்தர் சிற்றூரின் பெயரை எழுதியிருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது; பெரும்பாலும் அவர் யாழ்ப்பாணம் என்றோ, கூடிப்போனால் கோவிற்பற்றின் பெயரையோ எழுதியிருப்பார். அளவெட்டி ஆளைத் தேடுபவர் தெல்லிப்பழை, மல்லாகம் என்ற பெயர்களின் கீழும், அவற்றின் பிழையான எழுத்துக்கூட்டல்கள் அனைத்தின் கீழும் தேட வேண்டியிருக்கும்.